கிணறு மட்டும் போதும்

கேள்வி: வணக்கம் மேடம். தஞ்சாவூர்ப் பக்கம் ஏழு பேர் சேர்ந்து ஒரு சிறு நாடகக் குழு நடத்துகிறோம். அரசுப் பள்ளிகளில் குழந்தைகள் நாடகம் போடுவோம். போன மாதம் ஒரு சிறப்புப் பள்ளியில் எங்கள் ‘சிங்கமும் முயலும்’ நாடகத்தைப் போட்டோம். நாற்பது பிள்ளைகள், முன்வரிசையில் பத்துப் பன்னிரண்டு வீல்சேர். பறை அடித்துக்கொண்டு நுழைந்ததுமே ஒரு பெண் பிள்ளை உடம்பு முழுக்க விறைத்து அழத் தொடங்கிவிட்டாள். ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். வீல்சேரில் இருந்த இன்னொருவன் கடைசிவரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தான். முடிந்ததும் ஆசிரியை ஒருவர், “இவங்களுக்கு ஒண்ணும் புரியாது சார், நீங்க வந்ததே பெரிய விஷயம்” என்றார். உண்மையிலேயே இந்தப் பிள்ளைகளுக்கு நாடகம் போட முடியுமா? கதையை இன்னும் எளிமையாக்க வேண்டுமா? எங்களிடம் பணமும் கிடையாது. (பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: முடியும். லண்டனில் ஒரு குழு 1988இலிருந்து இதைச் செய்துகொண்டிருக்கிறது. கதையை எளிமையாக்குவது பற்றி அப்புறம் சொல்கிறேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், கோளாறு கதையில் இல்லை. நாற்பது பேரை ஒரே ஹாலில் உட்கார வைத்ததில் இருக்கிறது. அதை நீங்கள் முடிவு செய்திருக்க மாட்டீர்கள். வெளியிலிருந்து யாராவது வந்தால் எல்லாப் பிள்ளைகளையும் ஹாலில் கூட்டிவிடுவது பள்ளிகளின் வழக்கம்.

முதலில் அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிடுவோம். நேரில் பார்க்காததால் நான் சொல்வது ஊகம்தான். ஆனால் சிறப்புப் பள்ளிகளில் பல ஆண்டுகள், அன்றாடக் காரியங்களைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்த்துவிட்டு நாடகத்துக்கு வந்தவள் என்பதால் கொஞ்சம் தைரியமாகவே ஊகிக்கிறேன்.

விறைத்துப்போன பெண். கதவு படாரென்று சாத்தினால் கைக்குழந்தை இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போடுமே, பார்த்திருப்பீர்கள். பிறந்த சில மாதங்களில் அது போய்விடும். சிறு வயதிலேயே மூளை பாதிக்கப்பட்டு உடல் அசைவு கட்டுக்குள் வராத மூளை முடக்குவாதம் உள்ள பலருக்குப் போவதில்லை. எதிர்பாராத சத்தம் கேட்டால் பத்து வயதிலும் இருபது வயதிலும் உடம்பு தன்னால் விறைக்கும். சிலருக்கு வலிக்கவும் செய்யும். அதற்காகப் பறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இந்த வேலைக்கு அதைவிட நல்ல வாத்தியம் கிடைக்காது. அடிக்காமல் கொண்டுபோய் அவள் கண் எட்டும் இடத்தில் காட்டுங்கள். தோலின் மேல் விரலால் தேய்த்து அந்தச் சரசரப்பை முதலில் கேட்கவிடுங்கள். வளையத்தை வீல்சேரின் பலகையில் சாய்த்து வைத்து விரல்நுனியால் மெல்லத் தட்டினால் அதிர்வு பலகை வழியாக முழங்கைக்கு ஏறும். காது கேளாத பிள்ளைக்கு அதுதான் இசை. குச்சியை எடுப்பதெல்லாம் அதற்கு ரொம்ப நேரம் கழித்து, தள்ளி நின்று, மெதுவாக ஏற்றிக்கொண்டே போக வேண்டிய விஷயம்.

ஓடிப்போன பையனுக்கு ஆட்டிசம் இருக்கலாம். அவனுக்கு வேண்டியது வேறு. நாடகத்துக்கு முந்தின நாளே படம் போட்ட நாலு பக்கத் தாள் ஒன்று, அதில் யார் வருவார்கள், எப்போது சத்தம் வரும், எப்போது முடியும் என்ற விவரம், திறந்தே இருக்கும் கதவு, பக்கத்தில் அமைதியான ஓர் அறை. இங்கிலாந்தில் பெரிய தியேட்டர்களே தங்கள் வழக்கமான நாடகங்களை அவ்வப்போது இப்படி நடத்துகின்றன. அரங்க விளக்கை முழுக்க அணைக்க மாட்டார்கள், ஒலியைக் குறைப்பார்கள், பாதியில் எழுந்து நடக்கலாம், குரல் எழுப்பலாம். உங்கள் சிங்கமும் முயலும் நாடகத்தை இந்த மாதிரிச் சின்னத் திருத்தங்களோடு அவனுக்கும் அவனைப் போன்ற பலருக்கும் அப்படியே போடலாம்.

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தவனைப் பற்றித்தான் எனக்கு அதிக ஆர்வம். மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் பலருக்குக் கண் நன்றாகவே இருக்கும். கண் அனுப்புவதை மூளையால் பிரித்தெடுக்க முடியாது. ஏழு பேர், ஏழு நிற உடை, பின்னால் வண்ணத் திரை என்று இருந்தால் அது அவர்களுக்கு வெறும் கலங்கல். கறுப்புத் துணிக்கு முன்னால் ஒரே ஒரு சிவப்புப் பொருள் மெல்ல அசைந்தால் பார்ப்பார்கள். அதையும் நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்ப்பவர்கள் உண்டு. பார்ப்பதையும் கேட்பதையும் ஒன்றாகச் செய்ய முடியாமல், காதுக்கு வேலை கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களும் உண்டு. அவன் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு உங்கள் நாடகத்தை முழுக்கக் கேட்டிருக்கலாம்.

ஆக, உங்களுக்கு முன்னால் இருந்தது குறைந்தது இரண்டு வெவ்வேறு பார்வையாளர் கூட்டம். ஓடிப்போன பையனுக்கு வழி சொல்லிவிட்டேன். மீதிக் கடிதம் அந்த வீல்சேர் வரிசைக்காக. உடல் அசைவு, பார்வை, கேட்டல், அறிவு வளர்ச்சி எல்லாவற்றிலும் ஒருசேரச் சிக்கல் உள்ளவர்கள், பேச்சு இல்லாதவர்கள், பலருக்கு வலிப்பு, சிலருக்கு ட்யூப் வழியாகச் சாப்பாடு. இவர்களைப் பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் என்று சொல்கிறோம்.

லண்டன் குழு என்றேன் அல்லவா, அதன் பெயர் ஆய்லி கார்ட். டிம் வெப் இன்னும் இருவரோடு சேர்ந்து 1981இல் தொடங்கியது. முதலில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குத்தான் நாடகம் போட்டார்கள். சிறப்புப் பள்ளிகளுக்குள் போனதும் வழக்கமான மேடை, வசனம், வரிசை நாற்காலி எதுவும் அங்கே உதவாது என்று தெரிந்துகொண்டு எல்லாவற்றையும் மாற்றினார்கள். தெரபிக்கான வெந்நீர்க் குளத்துக்குள் நாடகம் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க நாற்காலியில் கட்டிப்போட்டது மாதிரி இருக்கும் உடம்புக்கு வெதுவெதுப்பான நீரில் எடை போய்விடும், தசை தளரும். அந்த நிலையில் கதை நடக்கும். டிராம்போலின் மேல் போட்டிருக்கிறார்கள். 2009இல் ஆகாம்ஸ் ரேஸர் என்ற சர்க்கஸ் குழுவோடு சேர்ந்து ஒன்று செய்தார்கள். அந்தரத்தில் கலைஞர்கள் ஆட, பார்க்க வந்த பிள்ளைகளும் தொங்கும் இருக்கைகளில் ஆடிக்கொண்டே பார்த்தார்கள். கொரோனா வந்து எல்லாம் மூடியபோது வீட்டு வாசலுக்கே போய் ஆடினார்கள், நாடகத்துக்கான பொருள்களைப் பெட்டியில் போட்டு வீடுகளுக்கு அனுப்பினார்கள்.

நாரிச் நகரத்தில் ஃப்ரோஸன் லைட் என்று இன்னொரு குழு, 2013இல் இரண்டு பெண்கள் தொடங்கியது. இவர்கள் பெரியவர்களுக்காகச் செய்கிறார்கள். ஒரு காட்சிக்கு ஆறு பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு துணையாள். அவ்வளவுதான் டிக்கெட். இவர்கள் பராமரிப்பு நிலையங்களுக்குள் ஒதுங்காமல் ஊரின் பொதுத் தியேட்டருக்கே பார்வையாளர்களை வரவழைக்கிறார்கள். ஊரார் எல்லோரும் வருகிற அதே வாசல் வழியாக அவர்களும் வரட்டும் என்பது அவர்கள் பிடிவாதம். நம்மூர்ச் சபாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் அதைச் செய்ய ஆசைதான். ஆனால் முதல் தடங்கல் கழிப்பறை. இருபது வயது மனிதருக்கு டயப்பர் மாற்ற அகலமான படுக்கைப் பலகையும் தூக்கிவிடும் கருவியும் வேண்டும். இங்கிலாந்திலேயே இதற்காக 2006இல் தனி இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. நாம் இப்போதைக்கு பள்ளிக்கே போவோம். போகும் இடத்தில் ஒரு கட்டிலும் திரைச்சீலையும் தண்ணீரும் உள்ள அறை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போவோம்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன்.

சிங்கத்தின் அட்டகாசம், மிருகங்கள் கூடிப் பேசுவது, முயல் தாமதமாக வந்து சொல்லும் சாக்கு, இதெல்லாம் சொல்லில் நடக்கிற கதை. சொல் எட்டாதவரிடம் எளிய சொல்லில் சொன்னாலும் எட்டாது. அதனால்தான் எளிமையாக்குவது இங்கே பயன்படாது என்கிறேன். ஆனால் கடைசியில் ஒரு கிணறு வருகிறது பாருங்கள். எட்டிப் பார்த்தால் உள்ளே இன்னொரு சிங்கம். உறுமினால் பதிலுக்கு ஓர் உறுமல். அங்கே சொல்லே தேவையில்லை. மற்றதையெல்லாம் சுருக்கிவிட்டு அந்தக் கிணற்றை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே நாற்பது நிமிட நாடகம் இருக்கிறது.

நானாக இருந்தால், நாரிச் குழுவைப் போல ஒரு காட்சிக்கு ஆறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு, இப்படித் தொடங்குவேன். காடு காய்ந்து கிடக்கிறது: மின்விசிறியை நிறுத்திவிட்டு, வெயிலில் வைத்துச் சூடேற்றிய மணல் பையை ஒவ்வொருவர் மடியிலும் வைப்பது. காய்ந்த வாழைச் சருகின் சலசலப்பு, முதலில் தூரத்தில், பிறகு காதுக்குப் பக்கத்தில். முயல் வருகிறது: மெத்தென்ற துணியில் கொஞ்சம் கனமாகத் தைத்த பொம்மை, மடியில் ஏறி உட்காரும். ஏறுவதற்கு முன் வீல்சேரின் கையில் மூன்று தட்டு. எப்போது வந்தாலும் அதே மூன்று தட்டு. மூன்றாவது முறை வரும்போது தட்டிவிட்டுக் கொஞ்சம் தாமதியுங்கள். மடியில் கனம் ஏறப்போகிறது என்று ஒரு பிள்ளை காத்திருப்பதை உங்கள் கண்ணால் பார்ப்பீர்கள். அடுத்து என்ன என்று காத்திருக்க வைப்பதுதானே நாடகம். சிங்கத்துக்குப் பறையின் அடித்தாளமும், பெரிய பனையோலை விசிறியால் முகத்தில் படும் காற்றும். பிறகு முயல் சிங்கத்தைக் கிணற்றுக்குக் கூட்டிப்போகும் பயணம்: ஆறு வீல்சேரையும் மெல்ல நகர்த்துங்கள், வழியில் தரையில் கயிறு போட்டு வைத்தால் சக்கரம் ஏறி இறங்கும். நகர்த்தப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, கையைத் தொட்டுவிட்டு, அப்புறம் நகர்த்த வேண்டும். பின்னாலிருந்து திடீரென்று தள்ளுவதைப் போல மோசமான காரியம் கிடையாது. பள்ளிகளில் ஆயாக்கள் முதல் பிரின்சிபால் வரை எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

கிணறு என்றால் அண்டா. பந்தி சமையலுக்கு வாடகைக்குக் கிடைக்குமே, அது. அடியில் ஒரு கண்ணாடி, அதன் மேல் நான்கு விரற்கடை தண்ணீர். மேலிருந்து டார்ச் அடித்தால் நீரின் நெளிவு மேலே கட்டிய வெள்ளை வேட்டியில் விழும். சுட்ட மண் ஓட்டில் தண்ணீர் தெளித்தால் வரும் மண்வாசனை. கிணற்றடிக் குளிர்ச்சிக்கு ஈரத் துணி. இதையெல்லாம் ஒரே நேரத்தில் கொட்டாதீர்கள். ஒன்றைக் கொடுத்து, காத்திருந்து, எடுத்துவிட்டு அடுத்ததைக் கொடுங்கள். அடுத்ததுதான் முக்கியமான இடம். நடிகர் ஒருவர் அண்டாவைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். பிள்ளை எந்தச் சத்தம் போட்டாலும், மூச்சு இழுப்பு, முனகல், பல் நறநறப்பு, எதுவானாலும், நடிகர் அதையே அண்டாவுக்குள் குனிந்து திருப்பிச் சொல்கிறார். கிணறு பதில் பேசுகிறது. பிள்ளை மறுபடி செய்தால் மறுபடி பதில்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பர்பரி மருத்துவமனையோடு இணைந்த பள்ளியில் டேவ் ஹூவிட், மெலனி நிண்ட் போன்ற ஆசிரியர்கள் 1980களில் வகுத்த முறை. பேச்சில்லாதவர்களிடம் நம் மொழியைத் திணிக்காமல் அவர்களுடைய ஒலியையும் அசைவையும் நாம் எடுத்துக்கொண்டு உரையாடுவது. தாய்மார்கள் தொட்டிலுக்கு மேல் குனிந்து செய்வதும் இதைத்தான். ஒரு வித்தியாசம், இருபது வயதுக்காரரிடம் தொட்டில் குரலில் கொஞ்சக் கூடாது. அவர் கிணறு பெரியவர்களின் கிணறாக இருக்கட்டும்.

காத்திருப்பது என்று நான் சொல்வது உங்களுக்குப் பழக்கமான இடைவெளி இல்லை. மேடையில் மூன்று வினாடி மௌனம் என்றாலே நடிகருக்கு வியர்க்கும். இங்கே ஒரு தொடுதல் உள்ளே போய், புரிந்து, உடம்பு அதற்கு அசைய பத்து வினாடி ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். நீங்கள் ஐந்தாவது வினாடியில் அடுத்த பொருளை நீட்டினால் அவர் தொடங்கியிருந்த பதில் அழிந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒத்திகையில் மனசுக்குள் பதினைந்து வரை எண்ணப் பழகுங்கள். பதிலும் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி சிரிப்பாக வராது. மூச்சின் வேகம் மாறும், மூடியிருந்த விரல் ஒன்று விரியும், புருவம் ஏறும். ஆடிக்கொண்டே இருக்கும் பிள்ளை சட்டென்று அசையாமல் போனால் அது உச்சக் கவனம். “சும்மா இருந்தான்” என்று அதைத்தான் நாம் எழுதிவைத்துவிடுகிறோம். முகம் திருப்புவது (கேட்பதற்காகத் திருப்புகிறவர்களைத் தவிர), வாயை இறுக்குவது, அழுவது எல்லாம் வேண்டாம் என்பதற்கான வழிகள். வேண்டாம் என்றால் விலகிவிடுங்கள், சிறிது நேரம் கழித்து மறுபடி வாருங்கள். மறுபடியும் வேண்டாம் என்றால் அவருடைய நாடகத்தில் மண்வாசனை கிடையாது, அவ்வளவுதான். தூங்கினால் தூங்கட்டும்.

கையைப் பிடித்து ஒரு பொருளில் அழுத்தித் தொடவைப்பது நம் பள்ளிகளில் சகஜம். செய்யாதீர்கள். உங்கள் கையை அவர் கைக்கு அடியில் கொடுத்து, உங்கள் கை அந்தப் பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். விருப்பமிருந்தால் அவர் விரல்கள் உங்கள் கையிலிருந்து இறங்கிப் போய்த் தொடும். மெல்லிய வருடல் பலருக்குக் கூச்சத்தையும் எரிச்சலையும் கொடுக்கும். உள்ளங்கையால் அழுத்தமாக, ஒரே இடத்தில் வைப்பது நல்லது.

சில விஷயங்களில் விளையாட்டே கூடாது. போவதற்கு முன் ஒவ்வொருவரைப் பற்றியும் ஆசிரியரிடமும் அம்மாவிடமும் அரைப்பக்கம் எழுதி வாங்குங்கள்: வலிப்பு உண்டா, எதனால் தூண்டப்படுகிறது, என்ன ஒவ்வாமை, எந்தக் காது கேட்கும், எந்தப் பக்கம் பார்ப்பார், எது பிடிக்கும், வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள். மின்னி மின்னி எரியும் விளக்கு வேண்டவே வேண்டாம், வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னினால் சிலருக்கு வலிப்பு வரும். டார்ச் நெளிவையும் மெதுவாகவே வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் பலூன் சிலருக்கு ஒவ்வாது. சாம்பிராணிப் புகை வேண்டாம், நுரையீரல் பலவீனமானவர்கள் அதிகம். கற்பூரமும் வேண்டாம், வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. வாயில் எதையும், ஒரு சொட்டு தேன்கூட, வைக்கக் கூடாது. விழுங்கும் தசை சரியாக வேலை செய்யாதவருக்கு அந்தச் சொட்டு நுரையீரலுக்குள் போகும். மணல் பையின் சூட்டை உங்கள் முன்கையில் வைத்துப் பாருங்கள். சுடுகிறது என்று அவரால் சொல்ல முடியாது. நாடகத்தின் நடுவே யாருக்காவது வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று பள்ளியின் நர்ஸோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். வாசனையில் இன்னொன்று: அது போகச் சொன்னால் போகாது. அடுத்த காட்சிக்கு அறையில் பழைய வாசனை இருந்தால் குழப்பம். நடிகர்கள் மல்லிகை, சென்ட், தேங்காயெண்ணெய் இல்லாமல் வரட்டும். வளையலும் வேண்டாம்.

துணையாளைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. அம்மாவோ ஆயாவோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நல்லெண்ணத்தில் “பாரு பாரு, முயல் பாரு” என்று காதில் சொல்லிக்கொண்டே இருப்பார், தலையைப் பிடித்துத் திருப்புவார். பிள்ளை ‘நன்றாக நடந்துகொள்ள’ வேண்டும் என்ற பதற்றம் அவருக்கு. வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: சத்தம் போடலாம், எழுந்து போகலாம், தூங்கலாம், எதுவும் தப்பில்லை, நீங்களும் பார்க்க வந்தவர்தான் என்று. அவருக்கும் ஒரு மணல் பை கொடுங்கள். பிள்ளை அவர் உடம்பின் இறுக்கத்தைத்தான் முதலில் படிக்கும்.

வாசலில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பாடி உள்ளே அழையுங்கள். ஒருவர் முடிந்துதான் அடுத்தவர். ஆறு பேருக்கு இதற்கே பதினைந்து இருபது நிமிடம் போகும், போகட்டும். முடியும்போது அதே மெட்டில் பெயர் சொல்லி அனுப்புங்கள். பெயர்ப் பாட்டில் மட்டும் மெருகு வேண்டும். உங்கள் குழுவில் நன்றாகப் பாடுகிற ஒருவர் இருப்பார், அவரிடம் கொடுங்கள். அரைகுறையாகப் பாடினாலும் இவர்களுக்குத் தெரியாது என்று ஒருத்தர் நினைத்தாலும் நாடகம் அதோடு போச்சு.

நேரமும் முக்கியம். சாப்பாடு அல்லது ட்யூப் ஊட்டல் முடிந்த உடனே வைக்காதீர்கள். மூன்று மணிக்கு வேன் வருமென்றால் இரண்டரைக்குத் தொடங்காதீர்கள். காலை பத்தரை நல்லது. ஹால் வேண்டாம், ஒரு வகுப்பறை போதும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, தரையில் ஜமுக்காளம். மே மாதம் வேண்டவே வேண்டாம், சிலருக்கு உடல் சூட்டைச் சமாளிக்கும் திறன் குறைவு.

இன்னொரு பக்கமும் தடுமாறலாம். வாசனை, துணி, விளக்கு என்று பொருள்களாக வாங்கிக் குவித்துவிட்டு அதையே நாடகம் என்று நினைத்துக்கொள்வது. நெதர்லாந்தில் 1970களில் ஸ்னூஸலன் என்று ஒரு முறை வந்தது, மங்கிய வெளிச்சம், குமிழி விளக்கு, மெல்லிசை நிரம்பிய அறை. நம் ஊர்ச் சிறப்புப் பள்ளிகளிலும் வசதி இருந்தால் அப்படி ஓர் அறை வைக்கிறார்கள். அமைதிப்படுத்த நல்லது. ஆனால் அங்கே எதுவும் நிகழ்வதில்லை. நாடகத்தில் ஒன்று வர வேண்டும், இல்லாமல் போக வேண்டும், மறுபடி வர வேண்டும், ஒருமுறை வேறு மாதிரி வர வேண்டும். நீங்கள் நாடகக்காரர்கள், தெரபிஸ்ட் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்க்கும் பயிற்சிகளும் வேண்டாம். அதில் நடிகர்களுக்குப் பயமும் பரிதாபமும்தான் மிஞ்சும். அந்த நேரத்துக்கு இரண்டு அம்மாக்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ஒத்திகைக்கு அழையுங்கள், ஆட்டோ காசு கொடுத்து, வந்ததற்குச் சம்பளமும் கொடுத்து.

பணம். ஏழு பேரும் போக வேண்டாம், மூன்று பேர் நடித்தால் இரண்டு பிள்ளைக்கு ஒருவர் என்று சரியாக வரும். வாசலுக்கும் பொருளுக்கும் ஒருவர். அண்டா வாடகை, மணல், வேட்டி, டார்ச், கறுப்புத் துணி: உங்கள் இப்போதைய முகமூடிச் செலவைவிட அதிகமாகாது. பணம் பிரச்சினையாவது எண்ணிக்கையில்தான். நாளுக்கு இரண்டு காட்சி, பன்னிரண்டு பேர். நன்கொடை கொடுக்கும் கம்பெனி “எத்தனை மாணவர்கள் பயனடைந்தார்கள்” என்று கேட்கும்போது பன்னிரண்டு என்று எழுதக் கை கூசும். கூச வேண்டாம். துணையாட்களையும் சேர்த்து எழுதுங்கள், அவர்களும் பார்வையாளர்கள்தான். விண்ணப்பத்தில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையை அது அரசின் பொறுப்பாகவே வைக்கிறது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. அந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் பல்வகைக் குறைபாடும் ஒன்று. நன்கொடையாளருக்காகப் பிள்ளைகளைப் படம் எடுப்பதென்றால் பெற்றோரிடம் எழுத்தில் வாங்குங்கள், அதையும் நாடகம் நடக்கும்போது எடுக்காதீர்கள்.

முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005இலிருந்து இயங்குகிறது; சிறப்பாசிரியர்களுக்குப் பயிற்சி அங்கே நடக்கிறது. ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருவது வீண் போகாது. உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்திலும் கேளுங்கள். பள்ளிக்கே வர முடியாமல் வீட்டுவழிக் கல்வியில் இருக்கும் பிள்ளைகளை அங்குள்ள சிறப்பாசிரியர்களுக்குத் தெரியும். நாடகம் முதலில் போய்ச் சேர வேண்டிய வீடுகள் அவைதான். அதற்கு அண்டாவைச் சின்னதாக்கிக் குடமாக்கிக்கொள்ளலாம், பைக்கில் வைத்துக் கொண்டுபோகலாம்.

கடைசியாக அந்த ஆசிரியை. அவரோடு வாதாட வேண்டாம். வருடக்கணக்காக அந்தப் பிள்ளைகளைத் தூக்கி, துடைத்து, ஊட்டிக்கொண்டிருப்பவர் அவர். ஒருவர் பதில் சொல்லும் பதினைந்து வினாடி காத்திருக்க அவருக்கு யாரும் நேரம் கொடுத்ததில்லை. அடுத்த முறை போகும்போது நாடகம் பார்க்க அவரைக் கூப்பிடுங்கள், ஓரமாக நின்று மேற்பார்வை பார்க்க அல்ல, ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தானே, அவனுக்குத் துணையாளாக. தேதியையும் அவரே சொல்லட்டும். ஆண்டுவிழா வாரமாக மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மைக் செட் டெஸ்டிங் நாள் முழுக்க ஓடும்.